ஈ.எஸ்.சி ஒயரிங்: எதை வெட்டலாம், எதை நீட்டலாம், எதுல கை வைக்கக் கூடாது

ஃபோம் ஷீட்ல ரிமோட்ல பறக்கற முதல் ப்ளேன் கட்டின எல்லார் வீட்லயும் இந்தக் காட்சி உண்டு. மூடியைத் திறந்தா உள்ள இடியாப்பம். பேட்டரியில இருந்து ரெண்டு தடி ஒயர், ஈ.எஸ்.சி-யில (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் ஸ்பீட் கன்ட்ரோலர்) இருந்து மோட்டாருக்கு மூணு, ரிசீவருக்கு (ரிமோட் சிக்னலை வாங்கற பெட்டி) மெல்லிசா ஒரு மூணு, அது பத்தாதுன்னு வால், இறக்கை மடிப்பை அசைக்கற நாலு சர்வோவுக்கும் தலைக்கு மூணு, பேட்டரியில இருக்கற கனெக்டர் ஒரு ஜாதி ஈ.எஸ்.சி-ல இருக்கறது வேற ஜாதின்னு நடுவுல ஒரு அடாப்டர், ஒயர் எட்டலன்னு ஒரு எக்ஸ்டென்ஷன், கடைசில மூடி மூடலன்னு ரப்பர் பேண்ட் போட்டு அமுக்கி வெச்சிருப்போம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

இதைச் சுருக்கணும்னு எல்லாருக்கும் ஆசைதான், ஆனா நிறைய பேர் சுருக்கக் கூடாத இடத்துல சுருக்கி நீட்டக் கூடாத இடத்துல நீட்டிடறாங்க. எந்த ஒயர் என்ன வேலை பண்ணுதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் கத்திரிக்கோலை எடுக்க பயமா இருக்காது. உதாரணத்துக்கு நம்ம ஊர்ல பாதிப் பேர் ஆரம்பிக்கற அதே செட்டையே எடுத்துக்கலாம்: ஏ2212 மோட்டார் 1000 கேவி (கிலோ வோல்ட் இல்ல, லோடு இல்லாம ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து), 30 ஆம்ப் ஈ.எஸ்.சி, மூணு செல் 2200 எம்.ஏ.ஹெச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 10 இன்ச் ப்ரொபெல்லர், நாலு 9 கிராம் சர்வோ.

முதல்ல அந்த ரிசீவருக்குப் போற மெல்லிசு கேபிள். புதுசா வர்றவங்க கேக்கற முதல் கேள்வியே "அண்ணா, ரிசீவருக்கு பேட்டரி எங்க?"ன்னுதான். ரிசீவருக்குத் தனி பேட்டரி கிடையாது, ஒரு காலத்துல இருந்துச்சு. ரேடியோ கன்ட்ரோல்ல எலக்ட்ரிக் மோட்டார் வெச்சுப் பறக்கவிட்டதுக்கு பதிவுல இருக்கற ஆரம்பப் புள்ளி 1957 ஜூன் 30, இங்கிலாந்துல கர்னல் டாப்ளின்னு ஒருத்தர், சில்வர்-ஜிங்க் பேட்டரி வெச்சு 'ரேடியோ குவீன்'ங்கற மாடலைப் பறக்க விட்டார். அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு மோட்டாருக்கு ஒரு பேட்டரி, ரேடியோவுக்கு ஒரு பேட்டரின்னு ரெட்டைக் குடித்தனமாவே ஓடுச்சு. ரேடியோ பக்கம் வழக்கமா நாலு நிக்கல் கேட்மியம் செல், ஒண்ணு 1.2 வோல்ட், நாலும் சேந்தா 4.8. சர்வோவும் ரிசீவரும் இன்னிக்கும் 5 வோல்ட் சுத்தியே இருக்கறது அந்தப் பழைய பழக்கத்தாலதான்.

பெரிய பெட்ரோல் ப்ளேனுக்கு அந்த நாலு செல் ஒரு பாரமே இல்ல. சின்ன எலக்ட்ரிக் ப்ளேனுக்கு அது கிட்டத்தட்ட நூறு கிராம் வெட்டிச் சுமை. மோட்டார் பேட்டரியில இருந்தே 5 வோல்ட் எடுத்துக் குடுத்துட்டா அந்தத் தனி பேட்டரியே வேணாமே, அதைப் பண்ற சர்க்யூட்டுக்குத்தான் பி.இ.சி-ன்னு பேரு, 'பேட்டரி எலிமினேட்டர்', அதாவது பேட்டரியை ஒழிச்சுக் கட்டறது. அதை ஈ.எஸ்.சி-க்குள்ளயே வெச்சுட்டாங்க. அதனால அந்த மெல்லிசு கேபிள்ல ரெண்டு பக்கமும் போக்குவரத்து: த்ராட்டில் (மோட்டாருக்கு எவ்வளவு வேகம்) எவ்வளவுங்கற சிக்னல் ரிசீவர்ல இருந்து ஈ.எஸ்.சி-க்கு வருது, கரன்ட் ஈ.எஸ்.சி-ல இருந்து ரிசீவருக்குப் போகுது, அங்கிருந்து சர்வோ எல்லாத்துக்கும் பிரியுது. நடுவுல இருக்கற சிவப்புதான் 5 வோல்ட். ஓரத்துல கருப்போ பிரவுனோ கிரவுண்டு, இன்னொரு ஓரத்துல வெள்ளையோ மஞ்சளோ ஆரஞ்சோ சிக்னல், கம்பெனிக்குக் கம்பெனி கலர் மாறும், சிவப்பு மட்டும் நடுவுலயே இருக்கும். அதனாலதான் தெரியாத்தனமா தலைகீழா சொருகினாலும் பொதுவா ஒண்ணும் புகையாது, சும்மா வேலை செய்யாம இருக்கும், அவ்ளோதான்.

அடுத்து மோட்டாருக்குப் போற மூணு. பழைய பிரஷ் மோட்டார்ல ரெண்டு ஒயர்தான், ப்ளஸ் மைனஸ், முடிஞ்சுது. பிரஷ்லெஸ்ல பிரஷ்ஷும் காமுடேட்டரும் செஞ்ச வேலையை, அதாவது கரன்டை ஒரு காயில்ல இருந்து அடுத்ததுக்கு மாத்தறதை, ஈ.எஸ்.சி தலையில கட்டிட்டாங்க. மூணு ஒயர்ல எந்த நேரமும் ரெண்டுலதான் கரன்ட் ஓடும், மூணாவது சும்மா இருக்கும், ஆனா அந்த சும்மா இருக்கறதுதான் முக்கியம். சுத்தற காந்தம் அந்த மூணாவது காயில்ல ஒரு சின்ன வோல்டேஜை உண்டாக்கும், அதைக் கவனிச்சுத்தான் ஈ.எஸ்.சி காந்தம் இப்ப எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு அடுத்த ஜோடிக்கு மாறுது. தனியா சென்சார் எதுவும் கிடையாது. நம்ம 2212-ல 14 காந்தம், அதாவது 7 ஜோடி. ப்ரொபெல்லர் ஒரு சுத்து சுத்தினா உள்ள மின்சாரக் கணக்குல 7 சுத்து, ஒவ்வொண்ணுக்கும் 6 மாத்தம். நிமிஷத்துக்கு 8000 சுத்துன்னு வெச்சுக்கிட்டா செகண்டுக்கு 5600 தடவை "இப்போ எந்த ஜோடி?"ன்னு முடிவு பண்ணிட்டே இருக்கு அந்தச் சின்ன சில்லு.

இதைப் படிச்சப்போதான் என் பழைய கூத்து ஒண்ணு எனக்கே புரிஞ்சுது. கோடையில வறண்டு கெடந்த ஏரியில பறக்க விடப் போயிருந்தோம், தரையில வெச்சு டெஸ்ட் பண்ணா மோட்டார் ஜம்முனு சுத்துது, மச்சான் கையில எடுத்து எறிஞ்சான், ஃபுல் த்ராட்டில் குடுத்தேன், ரெண்டு செகண்ட்ல 'கரகர கரகர'ன்னு தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம், ப்ளேன் அப்படியே மூக்கால உழுதுச்சு. மோட்டார் போச்சு, இல்ல ஈ.எஸ்.சி போச்சுன்னு ரெண்டையும் மாத்திப் பாத்து ஒரு வாரம் வீணாப் போச்சு. கடைசில பாத்தா மோட்டாரையும் ஈ.எஸ்.சி-யையும் சொருகி இணைக்கற மூணு புல்லட் கனெக்டர்ல ஒண்ணுல நான் வெச்ச ஈயம் ஒயர்ல ஒட்டவே இல்ல, மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கற உறை) இறுக்கிப் பிடிச்சிருந்ததால ஏதோ தொட்டுட்டு இருந்திருக்கு. லோடு ஏறி அதிர்வு வந்ததும் விட்டு விட்டுப் பிடிச்சிருக்கு. ஒரு ஒயர் விட்டுப் போனா ஈ.எஸ்.சி-க்கு ஒரு கால் மட்டும் போனதா கணக்கு இல்ல, கண்ணும் சேந்து போயிடுது, கரன்ட் தர்றதும் காந்தம் இருக்கற இடத்தைப் பாக்கறதும் ஒரே ஒயர் வழியாத்தானே.

இன்னொண்ணு, பேட்டரி மாட்டினதும் வர்ற பீப் சத்தம் ஈ.எஸ்.சி-ல ஸ்பீக்கர் இருந்து வர்றதில்ல, மோட்டார் காயிலை அதிர வெச்சுத்தான் அந்தச் சத்தம். ரெண்டு ஒயர் ஒழுங்கா இருந்தாலே பீப் வந்துடலாம், அதனால பீப் கேட்டுச்சு, மூணு ஒயரும் ஓகேன்னு நெனச்சுடாதீங்க.

சரி, நீளத்துக்கு வருவோம். இதுதான் இருக்கறதுலயே பெரிய விஷயம், இதுல தப்பு பண்ணா ப்ளேன் அன்னிக்கே விழாது, நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் ஈ.எஸ்.சி காரணமே சொல்லாம சாகும்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல தூரம் இருக்கு, ஒயர் எட்டல, எந்தப் பக்கம் நீட்டறது? ஈஸி ஸ்டார் மாதிரி மோட்டார் இறக்கைக்குப் பின்னாடி மேல இருந்து முன்னாடி தள்ளற புஷர் ப்ளேன்ல இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், பேட்டரி மூக்குல மோட்டார் முதுகுல. பேட்டரி பக்கம் ரெண்டு ஒயர்தான் மோட்டார் பக்கம் மூணு, அப்போ ரெண்டை நீட்டறதுதானே சுலபம்னு தோணும். அங்கதான் வம்பு.

நம்ம வீட்ல மாடி டேங்குக்கு தண்ணி ஏத்தற மோட்டாரை டக்குனு ஆஃப் பண்ணா பைப்ல 'டொம்'னு ஒரு அடி விழும் கேட்டிருப்பீங்க. ஓடிட்டு இருக்கற தண்ணி சட்டுனு நிக்க மாட்டேங்குது, அந்த வேகம் எங்கயாவது போய் முட்டணும். நீளமான பைப்னா அடி இன்னும் பலமா இருக்கும். ஈ.எஸ்.சி அரை த்ராட்டில் குடுக்கறப்போ கரன்டை பாதியாக் குறைக்கறதில்ல, செகண்டுக்கு எட்டாயிரம், பதினாறாயிரம் தடவைன்னு ஆன் ஆஃப் பண்ணிட்டே இருக்கு. ஒவ்வொரு ஆஃபுக்கும் பேட்டரி ஒயர்ல ஓடிட்டு இருந்த கரன்ட் நிக்க மாட்டேன்னு வந்து முட்டுது, வோல்டேஜ் ஒரு முள்ளு மாதிரி மேல எகிறுது. அந்த அடியைத் தாங்கறதுக்குத்தான் ஈ.எஸ்.சி வாசல்ல உருளையா ஒரு கெப்பாசிட்டர், சிலதுல ரெண்டு, வெச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் எவ்வளவு நீளம் ஒயர் குடுத்தானோ அந்த அளவு அடிக்குத் தகுந்த மாதிரிதான் அதோட சைஸ். நாம ஒயரை ரெண்டு மடங்கு நீட்டினா கெப்பாசிட்டர் சூடாகி, உள்ள இருக்கற திரவம் மெல்ல மெல்ல காஞ்சு, ஒரு நாள் தலை உப்பி நிக்கும். அது போனதுக்கு அப்புறம் அடி நேரா உள்ள ஆன் ஆஃப் பண்ற ஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) மேல விழும்.

மோட்டார் பக்கம் இந்தத் தொல்லை இல்ல. மோட்டாரே ஒரு பெரிய காயில்தான், அது முன்னாடி ஒரு ஜான் ஒயர் சேத்தா யானைக்கு சோளப்பொரி மாதிரி, ஈ.எஸ்.சி-க்கு வித்தியாசமே தெரியாது. அதனால ஈ.எஸ்.சி-யைப் பேட்டரி பக்கத்துல வெச்சுட்டு மோட்டாருக்குப் போற மூணையும் நீட்டிடுங்க. வேற வழியே இல்ல பேட்டரி பக்கம்தான் நீட்டியாகணும்னா, நீட்டற ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு 220 மைக்ரோ ஃபாரட் லோ ஈ.எஸ்.ஆர் (உள் தடை கம்மியான) கெப்பாசிட்டர், மூணு செல்லுக்கு 25 வோல்ட்டோ 35 வோல்ட்டோ தாங்கறது, ஈ.எஸ்.சி-யை ஒட்டியே ப்ளஸ் மைனஸுக்கு நடுவுல வைக்கறது மாடல்காரங்க வழக்கம். துருவம் மாத்தி வெச்சா பட்டாசு. சிவப்பையும் கருப்பையும் தனித்தனியா விடாம ஒண்ணோட ஒண்ணு முறுக்கி விட்டாலும் அந்த அடி கொஞ்சம் குறையும், காசு செலவில்லாத வேலை.

இங்க ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். ஒயர் நீட்டினா பவர் வீணாப் போகுமேன்னு பயப்படறவங்க நிறைய பேர், நம்ம செட்டுக்கு அந்தப் பயம் தேவையில்ல. 16 கேஜ் ஒயர் மீட்டருக்கு சுமார் 13 மில்லி ஓம். போக 30 வர 30, மொத்தம் 60 சென்டிமீட்டர் கூடுதலா போட்டா 8 மில்லி ஓம் வரும், 12 ஆம்ப் ஓடினா வீணாப் போறது ஒரு வாட் சொச்சம், மோட்டார் இழுக்கற நூத்தி முப்பது வாட்ல இது தூசு. அதே ஒயர்ல 60 ஆம்ப் ஓட்டிப் பாருங்க, கரன்ட் அஞ்சு மடங்குதான், சூடு இருபத்தஞ்சு மடங்கு, 29 வாட் கிட்ட போகும், ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன் அளவு. பெரிய ப்ளேன்காரங்க 12 கேஜ், 10 கேஜ்னு (நம்பர் குறையக் குறைய ஒயர் தடி) போறது அதனாலதான், சின்ன ப்ளேன்ல அதே தடி ஒயரைப் போட்டு எடையை ஏத்திக்காதீங்க.

கனெக்டர் கதை வேற. ஒவ்வொரு கனெக்டரும் எடை, ஒவ்வொண்ணும் லூசாகக் கூடிய இடம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் ஈயம். முதல்ல தூக்கிப் போட வேண்டியது அடாப்டர். வீட்ல இருக்கற எல்லா பேட்டரிக்கும் எல்லா ஈ.எஸ்.சி-க்கும் ஒரே ஜாதி கனெக்டர்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து முடிவு பண்ணுங்க, எக்ஸ்.டி 60 இன்னிக்கு எங்க பாத்தாலும் கிடைக்குது, ரிச்சி ஸ்ட்ரீட்ல கூட டஜன் கணக்குல வாங்கலாம். டீன்ஸ் டி-ப்ளக்கும் நல்ல கனெக்டர்தான், ஆனா ஈரக் கையோட, அவசரத்துல பிடிச்சு இழுக்கறதுக்கு அதுல பிடியே இல்ல.

பேட்டரி பக்கம் கனெக்டர் மாத்தறப்போ ரெண்டு ஒயரையும் ஒரே வெட்டுல வெட்டிடாதீங்க, கட்டரோட ரெண்டு பல்லும் லிப்போவை ஷார்ட் பண்ணிடும், கட்டர் வாயில ஒரு கடி காணாமப் போயிருக்கும். ஒண்ணை வெட்டி, ஈயம் வெச்சு, ஷ்ரிங்க் போட்டு மூடிட்டு அப்புறம் அடுத்தது. ஷ்ரிங்கை முதல்ல ஒயர்ல மாட்டணும், ஈயம் வெச்சு முடிச்சு அழகு பாத்துட்டு இருக்கறப்போதான் அது மேசை மேல சிரிச்சுட்டு இருக்கறது தெரியும், எத்தனை வருஷம் ஆனாலும் இது போகாது போல. எக்ஸ்.டி 60-ல சூடு வைக்கறப்போ அதோட ஜோடியை எதிர்ப்பக்கம் சொருகி வெச்சுக்கோங்க, இல்லன்னா ப்ளாஸ்டிக் இளகி உள்ள இருக்கற பின் சாய்ஞ்சுடும், அப்புறம் சொருகவே சண்டை போடணும். 25 வாட் அயர்னை வெச்சுட்டு அரை நிமிஷம் பிடிச்சிருக்கறதை விட 60 வாட்ல மூணு செகண்ட் வைக்கறது எவ்வளவோ நல்லது. நான் முன்னாடி சொன்ன புல்லட் கூத்துக்கும் காரணம் அந்த நோஞ்சான் அயர்ன்தான், கப்புக்குள்ள ஈயம் உருகுச்சு, ஒயர் சூடாகவே இல்ல.

மோட்டார் பக்கம் அந்த மூணு புல்லட்டையும் எடுத்துட்டு நேரா ஈயம் வெச்சுடலாமா? வெச்சுடலாம், நான் வெச்சிருக்கேன், மூணு கனெக்டரும் ஆறு ஈயமும் போய் மூணு ஈயம் மட்டும்தான் மிச்சம். ஆனா ரெண்டு விஷயம். சுத்தற திசை மாத்தணும்னா மூணுல ஏதாவது ரெண்டை மாத்தி மாட்டறதுதான் வழி, புல்லட் இருந்தா ரெண்டு செகண்ட் வேலை, ஈயம் வெச்சுட்டா மறுபடியும் உருக்கணும், அதனால முதல்ல புல்லட்டோடவே ஓட்டி எந்த ஒயர் எதோடன்னு டேப் ஒட்டிக் குறிச்சுட்டு அப்புறம் வெட்டுங்க. சில ஈ.எஸ்.சி-ல செட்டிங்லயே திசையை மாத்தலாம், மலிவு மாடல்ல அது இருக்கும்னு நம்ப முடியாது.

ரெண்டாவது, வெட்டறது ஈ.எஸ்.சி பக்க ஒயரை, மோட்டார் பக்க ஒயரை இல்ல. நிறைய மோட்டார்ல வெளிய வர்ற ஒயரே உள்ள சுத்தியிருக்கற காயிலோட தொடர்ச்சிதான், மேல உறை மட்டும் போட்டிருப்பாங்க. ஒவ்வொரு இழைக்கும் எனாமல் பூச்சு இருக்கும், கம்பெனியில முனையில மட்டும் அதை எரிச்சு ஈயம் பூசியிருப்பான். நாம நடுவுல வெட்டினா பளபளன்னு செம்பு மாதிரியே தெரியும் ஆனா ஈயம் ஒட்டாது, இழை இழையா பிளேடால சுரண்டணும், நாலு இழை விட்டுப் போச்சுன்னா மோட்டார் பாதி பலத்துல ஓடும், ஏன்னே தெரியாது. ஒருத்தர் சுரண்டி சுரண்டி மோட்டாரையே மொட்டை அடிச்சதை பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

அடிக்கடி மோட்டார் மாத்தறவங்க, ஒரே ஈ.எஸ்.சி-யை மூணு ப்ளேனுக்கு மாத்திப் போடறவங்க புல்லட்டை வெச்சுக்கறதே நல்லது. அப்படி வெச்சா ஈ.எஸ்.சி பக்கம் பெண் புல்லட், மோட்டார் பக்கம் ஆண், அப்பதான் கழட்டி வெச்சப்போ கரன்ட் வர்ற பக்கம் மூடியிருக்கும், ஒண்ணோட ஒண்ணு உரசாது.

பி.இ.சி பத்தி இன்னும் கொஞ்சம், ஏன்னா 'ஒயர் குறைக்கறேன்'னு எல்லாத்தையும் இது தலைமேலயே ஏத்திடறோம். மலிவு ஈ.எஸ்.சி-ல இருக்கறது பெரும்பாலும் லீனியர் வகை, அது வேண்டாத வோல்டேஜை சூடாக்கித் தள்ளும். மூணு செல் ஃபுல் சார்ஜ்ல 12.6, தேவை 5, மிச்சம் 7.6 வோல்ட். சர்வோ எல்லாம் சேந்து அரை ஆம்ப் இழுத்தாலே 3.8 வாட் சூடு, ஒரு ஆம்ப்னா 7.6 வாட், அதுவும் ஃபெட்டோட சேந்து அதே ஷ்ரிங்க் உறைக்குள்ள. ரெண்டு செல்லுக்கு இது பிரச்சினையே இல்ல, மூணு செல்லுக்கு நாலு சின்ன சர்வோ வரைக்கும் காத்து படற மாதிரி வெச்சா ஓடும், நாலு செல்லுக்கு லீனியரை நம்பறது குருவி தலையில பனங்காய். சூடு தாங்காம பி.இ.சி நின்னா மோட்டாரோட ரிசீவரும் சேந்து நிக்கும், அப்புறம் ப்ளேன் எங்க போகணும்னு அதுவேதான் முடிவு பண்ணும். அந்த இடத்துல மட்டும் ஒயரைக் குறைக்காதீங்க, தனியா ஒரு ஸ்விட்சிங் யு.பி.இ.சி (ஈ.எஸ்.சி-க்கு வெளிய இருக்கற, அவ்வளவா சூடாகாத பி.இ.சி) போட்டு ரெண்டு ஒயர் கூட்டிக்கோங்க, இல்ல ஸ்விட்சிங் பி.இ.சி உள்ளயே இருக்கற ஈ.எஸ்.சி-யா பாத்து வாங்குங்க.

தனி யு.பி.இ.சி போட்டா ஈ.எஸ்.சி கேபிள்ல இருக்கற சிவப்பை எடுத்துடணும், ரெண்டு 5 வோல்ட் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டக் கூடாது. எடுக்கறதுக்கு ஒயரை வெட்ட வேணாம். கருப்பு ப்ளாஸ்டிக் முனையில நடு ஒயருக்கு நேரா ஒரு குட்டி நாக்கு இருக்கும், ஊசியால லேசா தூக்கினா பின் தானா உருவிட்டு வரும், அதை மடக்கி ஷ்ரிங்க் போட்டு கேபிளோடவே ஒட்டிடுங்க, நாளைக்கு மறுபடியும் வேணும்னா சொருகிக்கலாம். 'ஆப்டோ'ன்னு போட்டு விக்கற ஈ.எஸ்.சி-ல பி.இ.சி-யே இருக்காது, உள்ள உண்மையாவே ஆப்டோ கப்ளர் (வெளிச்சத்தால சிக்னலைக் கடத்தற சில்லு) இருக்கும்னும் நெனைக்க வேணாம், பேரு மட்டும் ஒட்டிட்டு இருக்கு.

ரெட்டை மோட்டார்னா மேல சொன்னதெல்லாம் இன்னொரு மடங்கு. ரெண்டு ஈ.எஸ்.சி-யையும் நடு உடம்புல பேட்டரிகிட்டயே வெச்சுட்டு இறக்கைக்குள்ள ஆறு மோட்டார் ஒயரை ஓட்டறதுதான் என் கட்சி, இறக்கையில வெச்சா காத்து நல்லா படும்ங்கறவங்களும் உண்டு, அவங்க கெப்பாசிட்டரை மறக்காம இருந்தா சரி. ரெண்டுல ஒரு ஈ.எஸ்.சி-யோட சிவப்பை மேல சொன்ன மாதிரி உருவிடுங்க, சிக்னல் ஒரு ஒய் கேபிள்ல (ஒண்ணு ரெண்டாப் பிரியற கேபிள்) ரெண்டுக்கும் போயிடும்.

ரிசீவரோட ஆன்டெனா முனை இந்தத் தடி ஒயர் எதையும் தொடாம, முடிஞ்ச வரைக்கும் உடம்போட எதிர்ப்பக்கம் போகட்டும். இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்போ என் ஃபோம் ப்ளேன்ல ஈ.எஸ்.சி முன்பக்க ப்ளைவுட்டுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கு, மோட்டாரோட நேரா ஈயம், பேட்டரிக்கு ஒரு எக்ஸ்.டி 60, ரிசீவருக்கு ஒரு கேபிள், கழட்டி மாட்டற இடம் மொத்தமே ரெண்டு. மூடி ரப்பர் பேண்ட் இல்லாம மூடுது. புதுசா ஒயர் பண்ணி முடிச்சா முதல்ல ப்ரொபெல்லரைக் கழட்டிட்டுத்தான் பேட்டரியே மாட்டுவேன், எக்ஸ்.டி 60 சொருகறப்போ 'டப்'னு ஒரு பொறி தெறிக்கும், கெப்பாசிட்டர் நிரம்பறது அது, பயப்பட வேணாம், அப்புறம் மூணு செல்லுக்கு மூணு பீப். ஃபுல் த்ராட்டில் வரைக்கும் ஏத்தி இறக்கி, ஒவ்வொரு ஒயரையும் விரலால ஆட்டி ஆட்டிப் பாத்து, எங்கயும் கரகரன்னு கேக்கலன்னா அப்புறம்தான் மச்சானுக்கு ஃபோன்.